பாண் மரத்துத் திருவிழா

"காசு குடுத்துக் கஸ்தாஞா தின்னப் போறியோ?"

ஞாயிற்றுக்கிழமை மர்ராடிக்குப் போகப் போறன் என்று நான் சொன்னதும் சிஞ்ஞோரா கேட்ட கேள்வி இது. கஸ்தாஞா என்றால் இத்தாலி மலைகளில் விளைகிற செஸ்ட்நட் கொட்டை. கேட்டுவிட்டு அவ சிரித்த சிரிப்பில் கட்டுப்பல் கழன்று விழப் பார்த்தது. நான் பராமரிக்கிற இந்த மனுசிக்கு வயது 88. பிறந்தது மர்ராடிக்கு மேலே, மலையில் ஒரு சின்னக் குறிச்சியில். இருபது வயதில் வேலை தேடிப் பொலோஞாவுக்கு இறங்கி வந்தவ, பிறகு ஊர்ப்பக்கம் போனது செத்தவீடுகளுக்கு மட்டும்தான். நாலு வருசமாக அவவின் கதைகளைக் கேட்டுக் கேட்டே அந்த ஊர் எனக்கு அரைவாசி தெரியும். மிச்ச அரைவாசியைப் பார்க்கத்தான் போன ஒக்டோபரில் மகளையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன். இவர் வரவில்லை. "கொட்டை பொறுக்க மலை ஏற வேணுமோ?" என்று போர்த்துக்கொண்டு படுத்துவிட்டார்.

இத்தாலிக்கு வந்த புதிதில் மதில்களில் 'சாக்ரா' என்று ஒட்டியிருப்பதைக் கண்டால் ஏதோ கோயில் திருவிழா என்று நினைப்பேன். முழுப் பிழையும் இல்லை. புனிதம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான் அது. முந்தித் தேவாலயத்தோடு சேர்ந்திருந்த கொண்டாட்டம், இப்போது அந்தந்த ஊரில் விளைகிறதுக்கு எடுக்கிற விழாவாகிவிட்டது. நேமியில் ஸ்ட்ராபெரிக்கு, கன்னாராவில் வெங்காயத்துக்கு, கார்மஞ்ஞோலாவில் குடைமிளகாய்க்கு. மர்ராடியில் ஒக்டோபர் மாதத்து ஞாயிறுகள் கஸ்தாஞாவுக்கு.

பொலோஞாவிலிருந்து பயென்சாவுக்குப் போய், அங்கே ஃபிரென்சே (ஃபுளோரன்ஸ்) போகிற மலைப்பாதை ரயிலுக்கு மாற வேண்டும். 1893-இல் முழுதாகத் திறந்த பாதை. இன்றைக்கும் டீசலில்தான் ஓடுகிறது. அன்றைக்கு நல்லூர்த் தேருக்குப் போகிற பஸ் மாதிரி நெரிசல். பிரிசிகெல்லாவில் மூன்று குன்றுகள் தெரிந்தன: ஒன்றில் கோட்டை, ஒன்றில் மணிக்கூட்டுக் கோபுரம், ஒன்றில் மாதா கோயில். அதற்குப் பிறகு லமோனே ஆறு ஒருக்கால் இடப்பக்கம், ஒருக்கால் வலப்பக்கம். மர்ராடி கடுதாசிக் கணக்கில் தொஸ்கானா மாநிலம், ஃபிரென்சேக்குக் கீழே வருகிற ஊர். ஆனால் மலைத்தொடருக்கு இந்தப் பக்கம், ரொமாஞா பக்கம் இருக்கிறது. பேச்சும் சாப்பாடும் இரண்டும் கெட்டான். சிஞ்ஞோராவிடம் நீங்கள் எந்த ஆள் என்று கேட்டால் "மலையாள்" என்பா.

ஸ்டேசனில் இறங்கும்போதே புகை மணத்தது. ஊர் முழுக்க விறகுப் புகை. பெரிய ஓட்டைச் சட்டிகளில் கொட்டையைக் கொட்டி, நீளப் பிடியைப் பிடித்து ஆண்கள் குலுக்கிக்கொண்டு நின்றார்கள். நான் நேரே சாப்பாட்டுக் கொட்டகைக்குப் போய் வரிசையில் நின்றேன். இருபது நிமிசம். முன்னுக்கு வந்ததும் ஒரு அம்மா கை நீட்டிச் சீட்டுக் கேட்டா. சீட்டோ? முதலில் 'காஸ்ஸா'வில் காசு கட்டித் துண்டு எடுக்க வேணுமாம். அதற்கு வேறு வரிசை. மகள் தலையில் கையை வைத்துக்கொண்டு, "அம்மா, பதினாலு வருசமா இங்க இருக்கிறீங்கள்" என்றாள். இங்கே பிறந்த பிள்ளைக்கு அது சொல்லிக்கொடுக்காமலே தெரியும். எனக்குத் திருவிழா என்றால் அன்னதானப் பந்தி, இருந்தால் இலை வரும்.

ஆனால் பரிமாறின ஆட்களைப் பார்த்தால் மடப்பள்ளி ஞாபகம்தான் வந்தது. இந்த விழாக்களை அநேகமாக 'ப்ரோ லோகோ' என்கிற ஊர்ச் சங்கங்கள்தான் நடத்துகின்றன. சம்பளம் இல்லாத வேலை. தள்ளாத வயதில் நாலு கிழவிகள் வட்டமாக இருந்து தொர்த்தெல்லி என்கிற பூரணம் வைத்த பாஸ்தா பிடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே கஸ்தாஞா மசியல். ஒருத்தி பிடித்ததை மற்றவ பிரித்துத் திரும்பப் பிடித்தா. எங்கட ஊரில் மோதகம் பிடிக்கிற நாளில் நடக்கிற அதே அரசியல்.

அங்கே போய்க் 'கஸ்தாஞா' என்று சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். அவர்களுடையது 'மர்ரோனே'. விற்றுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்துப் பாடம் நடத்தினார். மர்ரோனே பெரிது. மேலே மெல்லிய கோடுகள் ஓடும். முக்கியமானது உள்தோல்: சாதாரணக் கொட்டையில் அது பருப்புக்குள் மடிந்து போய்க் கிடக்கும், மர்ரோனேயில் ஒரே இழுவையில் கழன்று வரும். சுட முதல் கத்தியால் ஒரு கீறல் போட வேண்டும், இல்லாவிட்டால் வெடிக்கும். இந்த முகெல்லோப் பகுதி மர்ரோனேக்கு ஐரோப்பாவின் புவிசார் குறியீடு இருக்கிறது என்பதையும் பெருமையாகச் சொன்னார். சீனாவிலிருந்து வந்த ஒரு குளவியைப் பற்றிக் கதைக்கும்போது மட்டும் குரல் இறங்கியது. 2002-இல் பியெமொந்தேயில் முதலில் கண்டது, பிறகு இத்தாலியின் கஸ்தாஞாக் காடு முழுக்கப் பரவி மொட்டுகளை முடிச்சாக்கிக் காய்ப்பை அழித்ததாம். கடைசியில் அந்தக் குளவியைத் தின்கிற இன்னொரு குளவியைக் கொண்டுவந்து விட்டுத்தான் மரங்களைக் காப்பாற்றினார்கள்.

இவ்வளவும் பார்த்துக்கொண்டு வந்த எனக்குக் கால் நின்றது மாவு விற்கிற மேசையில். மங்கல் மஞ்சள் நிறம், கையில் ஒட்டுகிற நைசு, புகை மணம். மலை வீடுகளில் இதற்கென்றே இரண்டு தட்டுக் குடில் இருக்கும் என்று சிஞ்ஞோரா சொல்லியிருக்கிறா. மேல்தட்டில் சட்டம் அடித்துக் கொட்டையைப் பரப்பி, கீழே மெல்லிய தீ போட்டு, ஒரு மாதம் அளவில் அணையவிடாமல் காய வைப்பார்கள். பிறகு கோது தட்டி மாவரைப்பு. கோதுமை விளையாத சரிவுகளில் குளிர்காலம் முழுக்க அதுதான் சோறு. 'பாண் மரம்' என்றே கஸ்தாஞாவுக்குப் பெயர். இவர்கள் ரொட்டிக்குச் சொல்லுகிற 'பானே' எங்களுக்குப் போர்த்துக்கேயர் விட்டுப்போன 'பாண்'. ஆனால் அந்தப் பெயரை முதலில் கேட்டபோது என் காதில் 'பனை' என்றுதான் விழுந்தது.

பனை என்றால் ஒடியல், காயவைத்த பனங்கிழங்கு. 90-களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. பாண் கிடைப்பது அருமையான நாட்களில் அம்மா ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, கைப்பு நீக்கிப் பிட்டு அவிப்பா. கறுப்புப் பிட்டு. நான் அழுவேன். சிஞ்ஞோராவும் அதே கதைதான் சொல்லுவா. 1944, ஜெர்மன்காரரின் கோதிக் அரண்கோடு அந்த மலைகளுக்குக் குறுக்கே, அவவுக்கு ஏழெட்டு வயது, மூன்று நேரமும் கஸ்தாஞாக் களி. "இனி இதைத் தொட மாட்டேன் என்று நகரத்துக்கு வந்தேன்" என்பா. இப்போது பொலோஞாவில் எங்கட ஆட்கள் கூடினால் நண்டும் பலாக்கொட்டையும் போட்டு ஒடியற்கூழ் காய்ச்சி, பனையோலைப் பிளாவுக்குப் பதில் கடுதாசிக் கோப்பையில் ஊற்றிக் குடித்துவிட்டு, "இதுவெல்லோ சாப்பாடு" என்கிறோம். அம்மா இருந்தால் அவவும் கட்டுப்பல் கழலச் சிரித்திருப்பா.

அரைக் கிலோ மா வாங்கினேன். காஸ்தாஞாச்சோ ஒரு துண்டும் கட்டித் தரச் சொன்னேன். அந்த மாவைத் தண்ணீரில் கரைத்து, ஒலிவ் எண்ணெய் விட்டு, மேலே உலர்ந்த திராட்சை, பைன் விதை, ரோஸ்மேரி தூவி மெல்லிசாகச் சுடுகிற பண்டம். சீனி போடுவதில்லை, மாவே இனிக்கும். மகள் ஒரு கடி கடித்துவிட்டு, "புட்டிங் மாதிரி, ஆனால் கோபத்தில இருக்கிற புட்டிங்" என்றாள்.

திங்கள் காலை அதைத் தட்டில் வைத்துச் சிஞ்ஞோராவுக்கு முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தா. வேண்டாம் என்பா என்று நினைத்தேன். முள்ளுக்கரண்டியை எடுத்து, திராட்சையை ஒவ்வொன்றாக நோண்டித் தட்டின் ஓரத்தில் அடுக்கினா. பிறகு பைன் விதைகளை.

"எங்கட வீட்டில இதெல்லாம் எங்க இருந்தது?" என்றா.

எல்லாவற்றையும் அகற்றி முடிய, மிச்சத்தைச் சாப்பிடத் தொடங்கினா.