டெஸ்ட் ஆட்டோமேஷன் இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் வெயிட் (காத்திருப்பு) பற்றி ஒழுங்காகப் படித்துக்கொண்டு போங்கள்

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் இருந்து க்யூஏ (மென்பொருளைச் சோதிக்கிற) வேலைக்கு அப்ளை பண்ணுகிற தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். கொழும்புக் கம்பனிகள் வீட்டில் செய்து அனுப்பச் சொல்லித் தருகிற வேலை பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும், இவற்றைத் தானாகச் செய்கிற ஸ்கிரிப்ட் எழுத வேண்டும்: லொகின் பண்ணு, ஒரு பொருளைத் தேடு, கார்ட்டில் போடு, தொகை சரியா பார். அதை எப்படியாவது எல்லாரும் முடித்துவிடுகிறார்கள். பிறகு நேரில், "இந்த இடத்தில் ஏன் 10 செக்கன் வெயிட் போட்டீர்கள்?" என்று கேட்கும்போதுதான் முழிக்கிறார்கள்.

முதலில் ஸ்லீப்பை, அதாவது என்ன நடந்தாலும் சொன்ன நேரம் முழுக்க நிற்கச் சொல்கிற வரியை, எடுத்துவிடுங்கள். கல்முனை பஸ்ஸுக்கு அரை மணித்தியாலம் வரைக்கும் பார்ப்போம் என்று நிற்பவன் 5 நிமிடத்தில் பஸ் வந்தால் ஏறிப் போய்விடுவான், ஸ்லீப் போட்ட ஸ்கிரிப்ட் வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அரை மணித்தியாலமும் நிற்கும். அதோடு 31ஆவது நிமிடம் வருகிற பஸ்ஸும் அதற்குக் கிடைக்காது.

பிரவுசரைத் தானாக ஓட்டுகிற கருவியான செலினியத்தில் இம்ப்ளிசிட் வெயிட்டின் (எல்லாத் தேடலுக்கும் பொதுவாக ஒருமுறை வைக்கிற காத்திருப்பு) இயல்பான மதிப்பு 0, அதாவது தேடுகிற எலிமென்ட் (பட்டன், பெட்டி போன்ற பக்கத்தின் ஒரு பகுதி) அந்தக் கணத்தில் இல்லையென்றால் உடனே எரர். பேஜ் லோடுக்கு அதிகபட்சம் 300 செக்கன், பக்கத்துக்குள் ஓட்டுகிற ஸ்கிரிப்டுக்கு 30 செக்கன். எக்ஸ்ப்ளிசிட் வெயிட் என்பது நீங்கள் சொல்கிற நிபந்தனையை அரை செக்கனுக்கு ஒரு தடவை சோதித்துக்கொண்டு, நிறைவேறியதும் நகர்ந்துவிடுவது. இதையெல்லாம் மனப்பாடம் பண்ணிச் சொல்லலாம், ஆனால் என்னிடம் கேட்டது வேறு: "இம்ப்ளிசிட் 10, எக்ஸ்ப்ளிசிட் 15 என்று இரண்டையும் வைத்தால் எத்தனை செக்கனில் ஃபெயில் ஆகும்?" 15 என்றுதான் வாய் வரும், 25 என்றும் சிலர் சொல்வார்கள். ஆனால் 20 ஆகலாம் என்று செலினியத்தின் ஆவணமே எச்சரிக்கிறது. ஒவ்வொரு தேடலும் இம்ப்ளிசிட் கணக்கில் 10 செக்கன் இழுக்கிறது, முதல் தேடல் முடிந்து பார்த்தால் 15 இன்னும் ஆகவில்லை, ஆகவே இன்னொரு தேடல் தொடங்கி அதுவும் 10 இழுத்து முடிகிறபோதுதான் நேரம் கடந்தது தெரிகிறது. இதை ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டுங்கள், கேட்கிறவருக்கு அது போதும். இரண்டையும் கலக்கக்கூடாது என்பதை வெறும் விதியாகச் சொன்னால் அடுத்த கேள்வி "ஏன்?" என்றுதான் வரும்.

அடுத்தது, எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது. எத்தனை செக்கன் என்பதை விட என் கண்ணில் இதுதான் முக்கியம். 'தி இன்டர்நெட்' என்ற பயிற்சித் தளத்தில் டைனமிக் லோடிங் என்று இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன, இரண்டையும் செய்து பாருங்கள். ஒன்றில் எலிமென்ட் ஏற்கெனவே பக்கத்தில் ஒளிந்திருக்கும், மற்றதில் லோட் ஆன பிறகுதான் உருவாகும். "இருக்கிறதா" என்று மட்டும் பார்க்கிற நிபந்தனை முதலாவதில் உடனே பாஸ் ஆகி, வெற்று எழுத்தைக் கொண்டுவந்து தரும். டைம்அவுட்டை (எவ்வளவு நேரம் வரை காத்திருப்பது என்ற எல்லையை) 60 செக்கன் ஆக்கினாலும் அது திருந்தாது! "கண்ணுக்குத் தெரிகிறதா" என்று கேட்க வேண்டும். இன்னொரு பொறி, க்ளிக் பண்ணக்கூடியதா என்று பார்க்கிற நிபந்தனை. அது தெரிகிறதா, இயங்கு நிலையில் இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும், மேலே லோடிங் திரை மூடிக்கொண்டு நிற்பதைப் பார்க்காது. அதனால் அந்த லோடிங் திரை மறையும்வரை முதலில் காத்திருங்கள்.

ப்ளேரைட் என்ற இன்னொரு கருவியைப் பற்றிக் கேட்டால், க்ளிக் போன்ற செயல்களுக்கு முன் அது தானாகவே இந்தச் சோதனைகளைச் செய்கிறது, மேலே ஏதாவது மூடியிருக்கிறதா என்பது உட்பட. எக்ஸ்பெக்டுக்கு (எதிர்பார்த்தது வந்ததா என்று பார்க்கிற கட்டளைக்கு) 5 செக்கன், முழு டெஸ்டுக்கு 30 செக்கன் அதன் இயல்பு. சைப்ரஸ் என்ற கருவியில் கட்டளைக்கு 4 செக்கன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ப்ளேரைட்டில் தொடங்கினால் தலையிடி குறைவு, ஆனாலும் செலினியம் கேட்காமல் விடமாட்டார்கள்.

இங்கே நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது, சிரிக்காதீர்கள்: மாரி மழைக்குள் போன் டேட்டாவில் ஓட்டிப் பார்த்தால் உங்கள் டைம்அவுட் எங்கே உடைகிறது என்று தானாகத் தெரிந்துவிடும். மழை இல்லாத காலத்தில் க்ரோமின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் வேகத்தைக் குறைத்து அந்தப் பக்கத்தைக் கையால் ஒருமுறை திறந்து, எது முதலில் வருகிறது, எது கடைசியில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். டைம்அவுட் எண்ணை அதிலிருந்து எடுங்கள்.

ஐஎஸ்டிகியூபி ஃபவுண்டேஷன் என்ற மென்பொருள் சோதனைச் சான்றிதழ்ப் பரீட்சை எழுத வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். 40 கேள்வி, 60 நிமிடம், 26 சரியாக வந்தால் பாஸ், பரீட்சை மொழி உங்கள் தாய்மொழி இல்லையென்றால் 25 சதவீதம் கூடுதல் நேரம் உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். நல்லதுதான், ஆனால் வெயிட் போடுவது அதில் வராது.

வீட்டில் செய்த வேலையை அனுப்புவதற்கு முன் டைம்அவுட் எண்களைக் கோட் முழுக்கச் சிதறவிடாமல் ஒரே கான்ஃபிக் ஃபைலில் வையுங்கள், ஃபெயில் ஆனால் ஸ்கிரீன்ஷாட் எடுக்கிற மாதிரி எழுதுங்கள், ரீட்மீயில் (கோடோடு வைக்கிற விளக்கக் குறிப்பில்) ஏன் அந்த எண் என்று ஒரு வரி போடுங்கள். பல நேரம் திருத்துகிறவர் முதலில் திறப்பது அந்த ரீட்மீயைத்தான்.