கனடாவில் இருந்து வந்த ஸ்கிம்மரும் 50 ஹேர்ட்ஸ் மின்சாரமும்

வாடைக்காற்று பலமாக வீசும் மாதங்களில் பருத்தித்துறைக் கரையில் நின்றால், அலை பின்வாங்கிய கற்களுக்கு இடையில் மஞ்சள் படிந்த நுரை தங்கி நடுங்கிக்கொண்டிருப்பதைக் காணலாம். கடல்நீரில் கரைந்துள்ள புரதமும் வேறு சேதனப் பொருட்களும் காற்றுக்குமிழிகளில் ஒட்டிக்கொள்வதால் உண்டாகும் நுரை அது. பவளமும் கடல்மீனும் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டியில் புரோட்டீன் ஸ்கிம்மர் என்னும் கருவி செய்வதும் இதே வேலைதான். நுண்ணிய குமிழிகளை நீரோடு கலந்து, அழுக்கைச் சுமந்த நுரையைக் கழுத்துக் குழாய் வழியே மேலேற்றி ஒரு கிண்ணத்தில் சேர்க்கிறது. மீன்களின் கழிவும் மீந்த உணவும் சிதைந்து நைத்திரேற்றாக மாறுமுன் அவற்றில் ஒரு பகுதியை அகற்றுவதே அதன் பயன். ஏற்கெனவே உருவாகிவிட்ட நைத்திரேற்றை அது எடுக்காது.

என்னுடைய தொட்டி 300 லீற்றர் கொள்ளும். அதற்கென்று கனடாவில் வசிக்கும் சித்தப்பா, தாம் பாவித்த நல்ல ஸ்கிம்மர் ஒன்றைத் துடைத்துப் பொதிசெய்து அனுப்பியிருந்தார். அங்குள்ள மின்சாரம் 120 வோல்ற் என்பதால் நான் ஒரு மின்மாற்றியும் வாங்கிப் பொருத்தினேன். பம்பி ஓடியது, சத்தத்திலும் குறை தெரியவில்லை. ஆனால் நுரை கழுத்தின் அடிவரை வந்து அங்கேயே உடைந்துகொண்டிருந்தது. எந்த ஸ்கிம்மரும் புதுத் தொட்டியில் சீராக இயங்க ஓரிரு வாரங்கள் எடுக்கும் என்பதால் பொறுத்திருந்தேன். மூன்று வாரங்களின் பின்னரும் கிண்ணம் காய்ந்தே கிடந்தது.

மின்மாற்றி வோல்ற்றளவை மாற்றுமே தவிர அதிர்வெண்ணை மாற்றாது என்பதை அப்போது நான் எண்ணிப்பார்க்கவில்லை. கனடாவில் 60 ஹேர்ட்ஸ், இலங்கையில் 50 ஹேர்ட்ஸ். ஆடலோட்டத்தில் (AC) நேரடியாக ஓடும் இவ்வகைப் பம்பியின் சுழற்சி அதிர்வெண்ணைப் பின்பற்றுவதால், இங்கே அது ஆறில் ஒரு பங்கு வேகத்தை இழக்கிறது. காற்றை நுண்குமிழிகளாக வெட்டும் ஊசிச்சக்கரம் மெதுவாகச் சுழல, உள்ளிழுக்கும் காற்றும் குறைகிறது. ஆகவே வெளிநாட்டு உறவினரிடம் ஸ்கிம்மர் கேட்பவர்கள், பம்பியில் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் என்று பொறித்திருக்கிறதா என முதலில் கேட்டறிய வேண்டும். 100 முதல் 240 வோல்ற் வரை ஏற்கும் அடப்ரருடன் வரும் நேரோட்டப் (DC) பம்பிக்கு இந்தத் தொல்லை இல்லை. வேகத்தைக் கூட்டிக் குறைக்கவும் முடியும். விலை அதிகமானாலும் நான் இப்போது அதையே பாவிக்கிறேன்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் லீற்றர்க் கணக்கை நான் பெரிதாக நம்புவதில்லை. அது பெரும்பாலும் மீன் குறைந்த தொட்டிக்குரிய கணக்கு. நிறைய மீன்களை வைத்துத் தாராளமாக உணவிடுபவர் தம் தொட்டியைவிட ஒரு படி பெரியதைத் தேர்வது நியாயம். அதற்கும் மேலே போனால், அகன்ற கழுத்தை நிரப்பப் போதிய அழுக்கு இல்லாமல் நுரை நிலைக்காது.

பிரதான தொட்டியின் கீழே வைக்கும் சம்ப் என்ற துணைத்தொட்டியில் நிறுத்தும் வகையாயின், ஸ்கிம்மரின் உயரத்தை மட்டும் அளந்தால் போதாது. கிண்ணத்தை மேலே தூக்கிக் கழற்றுவதற்கான இடத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். சம்ப்பில் அது நிற்கும் பிரிவின் நீர்மட்டம் மாறாதிருப்பதும் அவசியம். நம்முடைய வெயிலில் நீர் ஆவியாகக் குறையக் குறைய நுரையும் இறங்கிவிடும். குறைந்த நீரை ஈடுசெய்ய ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடுபரவல்) முறையில் சுத்திகரித்த நீரை ஊற்றுகிறேன். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுதியாக இருப்பதால், கிணற்றுநீரை ஊற்றிவிட்டு ஸ்கிம்மரைக் குறைகூறுவதில் பொருளில்லை.

மின்வெட்டையும் கருத்திற்கொள்ள வேண்டும். 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளை நாம் மறக்கவில்லை. மின்சாரம் நின்றதும் மேல்தொட்டியின் நீர் சம்ப்புக்கு இறங்கி மட்டம் உயர்வதால், திரும்ப வரும்போது ஸ்கிம்மர் அளவுமீறிப் பொங்கிக் கிண்ணத்து அழுக்கைத் தொட்டிக்கே கொட்டிவிடும். சில நிமிடங்கள் தாமதித்துத் தொடங்கும் வசதி அதற்கு இருந்தால் இந்த ஆபத்து நீங்கும்.

இப்போது என் ஸ்கிம்மரில் மூன்று நாளைக்கொருமுறை கடும் தேநீரின் நிறத்தில், மூக்கைப் பொத்தவைக்கும் மணத்துடன் ஒரு கோப்பையளவு நீர் சேர்கிறது. அதைக் கொட்டும்போது கழுத்தின் உட்புறத்தில் படிந்த வழுவழுப்பான பசையையும் துணியால் துடைத்துவிடுகிறேன். அந்தப் படலம் தடித்தால் நுரை ஏறாது. எண்ணெய் பட்டாலும் நுரை உடனே அமர்ந்துவிடும் என்பதால், நல்லெண்ணெய் வைத்து முழுகும் சனிக்கிழமைகளில் நான் தொட்டிக்குள் கை வைப்பதில்லை.