இரண்டிலிருந்து நாலு வரை

நவம்பர் 3

மூடுபனி இறங்கிவிட்டது. முகாமின் கிழக்குக் காவல் போஸ்ட்டில் நின்றால் முள்வேலிகூடத் தெரியவில்லை. இந்த மாதிரி ராத்திரியில் கண்ணைவிடக் காதைத்தான் நம்ப வேண்டும். குல்லாயைக் காதுக்கு மேலே ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லாரிடமும் சொன்னேன். குளிருக்குப் பயந்து யாரும் கேட்கவில்லை. ரவுண்டு போய்ப் பார்த்தால், நான் தம்பி என்று கூப்பிடும் சிப்பாய் ஒருவன்தான் காதைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறான்.

அவன்மேல்தான் புகார்: ராத்திரி வந்த அதிகாரியின் வண்டியைப் போஸ்ட்டில் நிறுத்திவிட்டானாம்.

நவம்பர் 4

புகார் என்ன ஆனது என்று மேலிடத்திலிருந்து பதில் இல்லை.

நவம்பர் 5

ஆள் மாற்றுவதை எல்லாரும் சாதாரணமாக நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் ராத்திரி முழுவதிலும் ஆபத்தான நேரம் அதுதான். போகிறவன் மனசு ஏற்கெனவே படுக்கைக்குப் போயிருக்கும். வருகிறவன் மனசு இன்னும் படுக்கையை விட்டு எழுந்திருக்காது. போஸ்ட்டில் ஆள் இரண்டு பேர், காவல் அரைக் காவல்.

வெளிச்சத்திலிருந்து வந்த கண் இருட்டுக்கு நன்றாகப் பழக அரை மணி நேரமாவது ஆகும். நடுவில் யாராவது வெள்ளை டார்ச்சை முகத்தில் அடித்துவிட்டால் பழையபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். அதனால் நான் கமாண்டராக இருக்கும் இந்தக் கார்டில் (காவல் குழுவில்) அடுத்த ஆளை அரை மணி முன்னதாகவே எழுப்பிவிடுவேன். சிவப்பு விளக்கில்தான் உடுத்த வேண்டும். மங்கலான சிவப்பு வெளிச்சம் இருட்டுக்குப் பழகிய கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது. அப்புறம் போஸ்ட்டில் பத்து நிமிஷம் இரண்டு பேரும் சேர்ந்து நிற்க வேண்டும். வெளியே போன ரோந்து எந்தப் பாதையாகத் திரும்பும், எத்தனை பேர், எந்தப் பக்கம் நாய் குரைத்தது, எப்போது நின்றது, போன் வேலை செய்கிறதா, எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தோட்டாவை எண்ணிக் கொடுத்த பிறகுதான் பழையவன் நகரலாம். மாற்று ஆள் வரவில்லை என்றால் நின்ற இடத்திலேயே நிற்கணும். போனில் கேட்கலாம், சத்தம் போடலாம். போஸ்ட்டை விட்டு வர மட்டும் முடியாது.

தம்பி இன்றைக்கு ஒப்படைத்ததைப் பக்கத்தில் நின்று கேட்டேன். வேலிக்கு அப்பால் கிடக்கும் மரக்கட்டை சாயங்காலம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதைக்கூடச் சொன்னான்.

நவம்பர் 6

"முகம் தெரிந்தும் நிறுத்தினான்." புகாரில் இருப்பது இவ்வளவுதான். காலையிலிருந்து இதே வரி மண்டைக்குள் ஓடுகிறது.

முகம் தெரிந்தால் போதும் என்றால் பாஸ்வேர்டு எதற்கு? தினமும் ஏன் மாற்றுகிறோம்? தெரிந்த முகத்தின் முதுகுக்குப் பின்னால் ஒருவன் துப்பாக்கியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். வண்டி கைமாறியிருக்கலாம். இருட்டில், பனியில், முகப்பு விளக்குக்குப் பின்னால் இருப்பவரின் முகத்தை எவ்வளவு தூரம் நம்புவது? அன்றைக்குத் தம்பி வண்டியின் விளக்கை அணைக்கச் சொன்னான். ஒருவர் மட்டும் இறங்கி முன்னால் வரச் சொன்னான். தான் மணல் மூட்டைக்குப் பின்னால் மறைவில் நின்றான், வந்தவரைத் திறந்த வெளியில் நிறுத்தினான். பாஸ்வேர்டின் முதல் பாதியை வந்தவர் காதுக்கு மட்டும் கேட்கிற அளவில் சொல்லி, மறுபாதியைக் கேட்டான். பதிலாக வந்தது நேற்றைய சொல். உடனே எனக்குப் போன் செய்தான். நான் போய்ச் சேரும்வரை ஒரு மரியாதைக் குறைவான வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை. "கொஞ்சம் பொறுங்கள் சார், கார்டு கமாண்டர் வருகிறார்." இதை அங்கே வைத்துத்தான் சொன்னான், நானே என் காதால் கேட்டேன்.

போஸ்ட்டில் நிற்கிறவனுக்கு உத்தரவு போடும் வரிசை சின்னது. அந்த வரிசைக்கு வெளியே இருக்கிற யாரும், தோளில் எத்தனை நட்சத்திரம் இருந்தாலும், அவனை நகர்த்த முடியாது. பயிற்சி முகாமில் முதல் வாரமே சொல்லிக்கொடுக்கிறோம். அவன் அதை நம்பினான்.

நவம்பர் 7

தம்பி கேட்டான்: "அண்ணே, இன்றைக்கும் எனக்கு இரண்டு–நாலுதானா?" ஆமாம் என்றேன்.

நவம்பர் 9

பகலில் தூக்கம் வரவில்லை. ரோமானியப் படையின் இரவுக் காவலைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். பாலிபியஸ் என்ற பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார். ராத்திரியை நாலு சாமமாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு காவலிடத்துக்கும் குறியிட்ட ஒரு சின்ன மரப்பலகை. குதிரை வீரன் சாட்சிகளோடு சுற்றி வருவான். விழித்திருப்பவனிடம் பலகையை வாங்கிக்கொள்வான். தூங்குகிறவனைக் கண்டால் பலகையைத் தொடாமல், கூட வந்தவர்களைச் சாட்சிக்கு அழைத்துவிட்டு நகர்ந்துவிடுவான். விடிந்ததும் பலகைகளை எண்ணினால் எந்த இடத்துப் பலகை குறைகிறது என்று தெரிந்துவிடும். தூங்கியது உறுதியானால், சொந்தப் படையாட்களே தடியாலும் கல்லாலும் அடித்துக் கொல்வார்கள்.

தண்டனையைப் படித்து உடம்பு நடுங்கியது உண்மை. ஆனால் ரவுண்டு வருகிறவனும் தப்ப முடியாது என்பதுதான் எனக்குப் பிடித்தது. பலகை குறைந்தால் அவனும் பதில் சொல்லணும், சாட்சியோடு. காவலை நிற்கிறவன் தலையில் மட்டும் கட்டவில்லை அவர்கள்.

நவம்பர் 10

மறுபடியும் பனி. ஆள் பற்றாக்குறை. இரண்டு பேர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள்.

நவம்பர் 11

இரண்டு மணி நேரம் நின்றால் நாலு மணி நேரம் ஓய்வு என்பது கணக்கு. இப்போது இரண்டுக்கு இரண்டு. அந்த இரண்டிலும் பூட்ஸைக் கழற்றி, துப்பாக்கியைத் துடைத்து, ரிப்போர்ட் எழுதிப் படுத்தால் தூங்கக் கிடைப்பது ஒரு மணி நேரம். விடியலுக்கு முன் எல்லாரும் ஆயுதத்தோடு தயார்நிலையில் நிற்க வேண்டும், அதுவும் சேர்ந்துகொள்ளும். கூடுதலாக ஆள் கேட்டு எழுதினேன். தம்பிமேல் வந்த புகார்த் தாளும் இந்தத் தாளும் ஒரே மேஜையில்தான் கிடக்கும். எது முதலில் நகரும் என்று எனக்குத் தெரியும். ஆத்திரமாக வருகிறது.

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வில்லியம் ஸ்காட் என்ற ஒரு சிப்பாய் காவலில் தூங்கிப்போனான். வெர்மான்ட் 3ஆம் படைப்பிரிவு. சுட்டுக் கொல்லும்படி தீர்ப்பு. முந்தின ராத்திரி உடம்புக்கு முடியாத தோழனுக்குப் பதிலாகவும் அவனே காவல் நின்றான் என்று சொல்வார்கள். லிங்கன் தலையிட்டதால் மன்னிப்புக் கிடைத்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் சண்டையில் செத்தான். அவனை இரண்டாவது ராத்திரியும் நிற்கவிட்ட பட்டியலைப் போட்டவர் யார் என்று யாராவது கேட்டார்களா?

என் பட்டியலில் அது நடக்காது. இன்றைக்கு இரண்டு–நாலு நான் நிற்கிறேன்.

நவம்பர் 12

நின்றேன். மூன்று மணிக்கு மேல் எதிர்ச்சரிவில் இருக்கும் ஒற்றை விளக்கு நகர ஆரம்பித்தது. விளக்கு நகரவில்லை. சுற்றிலும் இருட்டாக இருக்கும்போது ஒரே புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் அப்படித்தான் ஏமாற்றும். வேலிக் கம்பத்தை ஒட்டி வைத்துப் பார்த்தேன், நின்றுவிட்டது. புதுப் பையன்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்காமல் நிறுத்தினால் விளக்கைச் சுடுவார்கள். இன்னொன்றும் சொல்லணும்: இருட்டில் ஒன்றை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும். கண்ணின் நடுப்பகுதி மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்யாது. கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்தால்தான் தெரியும்.

துப்பாக்கியின் இரும்பில் பனி திரண்டு, மணிக்கட்டு வழியாகக் கைக்குள் இறங்குகிறது. துடைக்கக் கையை எடுத்தால் பிடி விடும். எடுக்கவில்லை. தம்பி தினமும் இதைத்தான் அனுபவிக்கிறான்.

நவம்பர் 13

பதில் இல்லை.

நவம்பர் 14

மேக்வொர்த் என்ற ஆராய்ச்சியாளர் 1948இல் ஒரு சோதனையை வெளியிட்டார். ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஆட்கள் ஏன் கோட்டைவிடுகிறார்கள் என்பதுதான் கேள்வி. கடிகார முள் மாதிரி ஒன்று தத்தித் தத்திப் போகும், எப்போதாவது ஒரு தடவை இரட்டைத் தத்தல். அதைக் கண்டுபிடிக்க வேண்டும், இரண்டு மணி நேரம். முதல் அரை மணியிலேயே கவனம் சரிந்துவிட்டது. அவர்கள் சோம்பேறிகள் இல்லை. நடுவில் ஒரு போன் அழைப்பு வந்து ஊக்கம் சொன்னதும் கவனம் திரும்பி வந்தது.

போன்! இதற்குத் தனியாக ஆளும் வேண்டாம், யார் அனுமதியும் வேண்டாம். இன்றிலிருந்து அரை மணிக்கு ஒரு தடவை ஒவ்வொரு போஸ்ட்டுக்கும் நானே கூப்பிடுகிறேன். "என்ன தெரிகிறது, சொல்லு" என்று ஒரே கேள்வி. கண்காணிப்புக்காக இல்லை. அங்கே நிற்கிறவனுக்குக் காது கொடுக்க இங்கே ஒருவன் முழித்திருக்கிறான் என்று தெரியட்டும்.

நவம்பர் 15

2.30க்குக் கூப்பிட்டேன். தம்பி மெதுவான குரலில், "பனி விலகுதுண்ணே. கட்டை அதே இடத்தில்தான் இருக்கு" என்றான்.

சாயங்காலம் தகவல் வந்துவிட்டது. நாளை பத்து மணிக்கு ஆபீஸில் இரண்டு பேரும் நிற்க வேண்டும். அவனிடம் சொன்னேன். "நான் மன்னிப்புக் கேட்கணுமாண்ணே?" என்றான். கேட்கக் கூடாது என்றேன். கேட்டால், அடுத்து வருகிற வண்டிக்கு எல்லாப் போஸ்ட்டும் திறந்துவிடும்.

நவம்பர் 16

ரிப்போர்ட் புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டேன். அவன் கையெழுத்தில் வரிசையாக இருக்கிறது: 02.17 வண்டி. 02.18 பதில் தவறு. 02.19 கார்டு கமாண்டருக்குப் போன். 02.31 கார்டு கமாண்டர் வந்தார். கீழே என் கையெழுத்து. ஆள் கேட்டு எழுதிய தாளின் நகலும் கூடவே. பூட்ஸைத் துடைத்துவிட்டு வாசலில் வந்து நிற்கிறான், கிளம்பணும்.