ஜின்னியா விதை: பதர் போக மிஞ்சியது

காய்ந்த ஜின்னியாப் பூ ஒன்றை உதிர்த்தால் உள்ளங்கை நிறையக் கொட்டும். ஒரு பூவிலேயே இவ்வளவா என்று மலைப்பாக இருக்கும். ஆனால் அதில் பெரும்பங்கு பதர்தான். முளைக்கிற விதையை அதிலிருந்து பிரித்தெடுப்பதுதான் உண்மையான வேலை.

இத்தனை பதர் ஏன் என்பது பூவின் அமைப்பைப் பார்த்தால் புரிந்துவிடும். சூரியகாந்தியும் ஜின்னியாவும் ஒரே குடும்பம். நாம் ஒரு பூ என்று சொல்வது பல சிறு பூக்கள் சேர்ந்த கொத்து. சுற்றியுள்ள ஒவ்வொரு இதழும் தனிப் பெண் பூ. நடுவில் நட்சத்திரம் மாதிரி மஞ்சளாக விரிகிறதே, அந்தப் பொடிப் பூக்களில்தான் மகரந்தம் இருக்கிறது. மகரந்தம் வந்து சேராத பூவிலும் விதையின் கூடு மட்டும் வளர்ந்துவிடும், உள்ளே ஒன்றும் இருக்காது. இதழ்கள் அடுக்கடுக்காக நெருங்கிய ரகங்களில் மஞ்சள் பூக்கள் குறைவு, அதனால் பதர் அதிகம். பார்க்க அழகான பூதான் விதைக்குக் கஞ்சத்தனம் பண்ணும்!

விதைக்கு விடும் பூக்களின் காம்பில் அவை பூத்திருக்கும்போதே நூல் கட்டிவிட்டேன். காய்ந்த பிறகு எல்லாம் ஒரே பழுப்பு, எது சிவப்பு எது வெள்ளை என்று யாராலும் சொல்ல முடியாது. இலையில் புள்ளி விழுந்த செடிகளைத் தொடவில்லை. இலைப்புள்ளி நோய்களில் சில விதை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போய்விடும். மற்ற செடிகளில் வாடிய பூக்களை வழக்கம்போலக் கிள்ளிக்கொண்டே இருந்தேன். விதை முற்ற ஆரம்பித்தால் செடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும்.

அப்புறம் காத்திருப்புதான். பூ விரிந்து முற்றுவதற்கு நாலைந்து வாரம் ஆகலாம். இதழ் வெளிறிவிட்டது என்று அவசரப்படக் கூடாது. பூவின் அடிச்செதில்களும் அதற்குக் கீழே உள்ள காம்பும் பழுப்பாகி, தொட்டால் சரசரக்க வேண்டும். பனி ஈரம் காய்ந்த பிறகே வெட்டினேன். நடுவில் மழை வரும்போல இருந்தபோது, ஏறக்குறைய முற்றியவற்றை நீளக் காம்போடு வெட்டி, காகிதப் பையைக் கவிழ்த்துக் கட்டி, காற்றோட்டமான நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டேன். நனைந்த பூவில் பூஞ்சணம் பிடிக்கும், சில சமயம் விதை செடியிலேயே முளைத்தும்விடும்.

பிரிப்பதற்கு ஒரு வெள்ளைத் தாளை விரித்து உட்கார்ந்தேன். காய்ந்த இதழை இழுத்தால் அதன் அடியில் அம்பு முனை வடிவத்தில் சாம்பல் கலந்த பழுப்பு விதை ஒட்டிக்கொண்டு வரும். நடுப்பகுதியில் இருப்பவை அதைவிடத் தட்டை, மேல் நுனியில் சின்னதாக ஒரு பிளவு இருக்கும். வடிவத்தை வைத்து எதையும் ஒதுக்க வேண்டாம், இரண்டும் முளைக்கும். நகத்தால் லேசாக அழுத்திப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. உள்ளே பருப்பு இருந்தால் நகத்தை எதிர்க்கும், வெற்றுக்கூடு காகிதம் மாதிரி மடங்கும். சந்தேகம் வந்தால் ஒன்றைப் பிளேடால் அறுத்துப் பாருங்கள், வெள்ளையாகப் பருப்பு தெரியும். ஊதியும் பதரைப் போக்கலாம். ஆனால் ஒட்டியிருக்கும் இதழை முதலில் ஒடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நல்ல விதையும் அந்த இதழோடு பறந்துவிடும்.

தேறியதை நிழலில் ஒரு வாரம் பரப்பி வைத்தேன். வளைத்தால் மடங்காமல் பட்டென்று ஒடிய வேண்டும், அதுதான் கணக்கு. பிறகு நிறமும் தேதியும் எழுதிய காகித உறைகளில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுகிய கண்ணாடிப் புட்டியில், வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் வைத்தேன். இப்படி வைத்தால் 3 முதல் 5 வருடம் வரை முளைப்புத்திறன் தாங்கும்.

விதைக்கும் முன் ஒரு முளைப்புச் சோதனை. ஈர டிஷ்யூ தாளில் 10 விதைகளைச் சுருட்டி, 21 முதல் 27 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்தால் ஒரு வாரத்துக்குள் வேர் எட்டிப் பார்க்கும். 8 முளைத்தால் தாராளம். பாதிதான் முளைக்கிறது என்றால் தூக்கிப்போட வேண்டியதில்லை, இரண்டு மடங்காகத் தூவினால் சரி.

முளைப்பது வேறு, தாய்ச்செடி மாதிரியே பூப்பது வேறு. வீரிய ஒட்டு ரகமாக இருந்தால் அந்த எதிர்பார்ப்பே வேண்டாம். நாட்டு ரகத்திலும் தேனீயும் பட்டாம்பூச்சியும் மகரந்தத்தைக் கலந்துவிடும். அடுக்குப் பூவின் விதையிலிருந்து எனக்கு ஒற்றை வரிசை இதழோடும் செடிகள் வந்தன. நிறம் மாறாமல் வேண்டும் என்பவர்கள் மொட்டிலேயே வலைப்பை கட்டி, ஒரே நிறமுள்ள இரண்டு செடிகளுக்கிடையே தூரிகையால் மகரந்தம் மாற்றிவிடலாம். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை, அந்த வேலையைத் தேனீக்களிடமே விட்டுவிட்டேன்.