கலரிங் புக்கைவிட கோலமாவு மேல்

அரையாண்டு லீவு விட்டதும் எல்கேஜி, யூகேஜி பிள்ளைகளின் பையில் தவறாமல் வந்து சேர்வது ஒரு கட்டு ஜெராக்ஸ் தாள். மாம்பழம், மயில், கிறிஸ்துமஸ் மரம், பொங்கல் பானை, எல்லாவற்றுக்கும் கீழே ‘கோடு தாண்டாமல் வண்ணம் தீட்டவும்’ என்று ஒரு கட்டளை. எனக்கு இந்தத் தாள்கள் மேல் பெரிய மரியாதை கிடையாது. கோடு தாண்டாமல் இருப்பது கை பழகிய பிறகு தானாக வருகிற விஷயம், அதையே முதலில் கேட்டால் பிள்ளை இரண்டு படம் முடிப்பதற்குள் கை வலிக்குது என்று ஓடிவிடும்.

கை வலிக்குது என்பது பெரும்பாலும் சாக்கும் இல்லை. நாலு வயதில் மணிக்கட்டு எலும்புகளில் சில இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். பலம் தோளில் தொடங்கி, முழங்கை, மணிக்கட்டு என்று இறங்கி, கடைசியாகத்தான் விரல் நுனிக்கு வரும். ஒன்றரை வயதில் கிரேயானை முஷ்டியில் பிடிப்பார்கள், அப்புறம் எல்லா விரலாலும், 4 வயது வாக்கில் மூன்று விரலால். கையை அசைக்காமல் விரலை மட்டும் அசைத்து வரைவது 5, 6 வயதில்தான். சில மாதம் முன்பின் ஆவதெல்லாம் சகஜம்.

புதுக் கிரேயான் வாங்கினால் முதலில் அதை ஒரு அங்குலத் துண்டுகளாக உடைத்துவிடுங்கள். நீளமாக இருந்தால் முஷ்டியில் பிடிக்கலாம், துண்டை அப்படிப் பிடிக்க இடமே இருக்காது, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தானாக வந்து சேரும். (மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் துண்டு வேண்டாம், நேராக வாய்க்குப் போகும்.) தாளைத் தரையில் போடாமல், பழைய மாதக் காலண்டரின் பின்பக்கத்தைப் பிள்ளையின் கண் உயரத்தில் சுவரில் ஒட்டிப் பாருங்கள். நின்றுகொண்டு வரையும்போது மணிக்கட்டு பின்பக்கம் மடங்கி நிற்கும், தோளும் வேலை செய்யும், எழுதுவதற்குத் தேவையான நிலை அதுதான்.

ஆனால் நம் காவிரிப் பக்கத்தில் இதைவிட நல்ல சாமான் வாசலிலேயே கிடக்கிறது. லீவு விடுகிற நேரம் மார்கழி, தெருவெல்லாம் கோலம். கோலமாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுவது சின்ன விரல்களுக்குச் சாதாரண வேலை இல்லை. இறுக்கினால் மாவு விழாது, விட்டால் மொத்தமாகக் கொட்டும். பெரியவர்கள் கோலம் போட்டு முடித்ததும் ஓரமாக ஒரு மூன்று புள்ளி, மூன்று வரிசை வைத்துக் கொடுத்தால் போதும், சேர்ப்பதும் நிரப்புவதும் பிள்ளை பாடு. கடைக் கலர் பொடி மூக்கில் ஏறும் என்று பயமாக இருந்தால் அரிசிமாவில் மஞ்சள்தூள் கலந்து கொடுங்கள், எறும்பும் சந்தோஷப்படும்.

மஞ்சளில் இன்னொரு வேடிக்கை உண்டு. தாள் முழுக்க மஞ்சள் தண்ணீரைப் பூசிக் காயவைத்து, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரைப் பிரஷ்ஷால் தொட்டு அதன்மேல் வரையச் சொன்னால் கோடெல்லாம் செம்பழுப்பாக மாறும். ஆரத்தியில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பாவது இதே சங்கதிதான், ஆனால் சுண்ணாம்பைப் பிள்ளை கையில் தராதீர்கள். மஞ்சள் எதற்கு சிவப்பானது என்று கேட்டுக் கேட்டே அரை மணி நேரம் வரைவார்கள்.

மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு வர்ணம் அடிக்கிற வீடாக இருந்தால் பிள்ளைக்கும் ஒரு மண் மாடு, இல்லையென்றால் சின்ன மண் சட்டி கொடுத்து உட்காரவைக்கலாம். உருண்டையான பொருளை ஒரு கையால் திருப்பிக்கொண்டே இன்னொரு கையால் பூச வேண்டும், தாளில் இந்த இரண்டு கை வேலை கிடைக்காது. காக்காவுக்குச் சோற்று உருண்டை படைக்கிற கணுப்பிடி வைக்கும் வீடுகளில் மஞ்சள் சாதம், சிவப்புச் சாதம், தயிர்சாதம் எல்லாம் குட்டிக் குட்டி உருண்டையாக மஞ்சள் செடியின் இலையில் வரிசை கட்டும், அதையும் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். வரிசை கோணலாக இருந்தால் காக்கா ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

ஆடிப்பெருக்குக்குப் பிள்ளைகள் சப்பரம் என்கிற சின்னத் தேர் இழுக்கிற ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். சப்பரத்துக்கான கலர் பேப்பரைக் கத்தரிக்கோல் இல்லாமல் கையாலேயே கிழித்து ஒட்டச் சொல்லுங்கள், கிழிப்பதும் விரலுக்கு வேலைதான்.

இடது கையால் வரைந்தால் விட்டுவிடுங்கள். ‘சோத்துக் கையால பண்ணு’ என்று பாட்டி தாத்தா பிடுங்கி மாற்றுவது நம் வீடுகளில் இன்னும் நடக்கிறது, அதைக் கொஞ்சம் கறாராகத் தடுக்கத்தான் வேண்டும். அதே நேரம், ஐந்து வயது தாண்டியும் முஷ்டிப் பிடிதான், சட்டைப் பொத்தான் போடவே முடியவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது, சின்ன வயதில் பயிற்சி கொடுத்தால் கை சீக்கிரம் பழகும்.

செலவு என்று பார்த்தால் ஒரு பெட்டி கிரேயான், கோலமாவு, ஆப்ப சோடா அவ்வளவுதான். அச்சு வைக்க வாழைமட்டையும் வெண்டைக்காயும் குறுக்கே வெட்டிக்கொள்ளலாம். வெண்டைக்காய் மட்டும் முற்றலாகப் பார்த்து எடுங்கள், பிஞ்சு நசுங்கிவிடும், அது குழம்புக்கு.