எலக்ட்ரிக் கார் சார்ஜரை ஹோம் அசிஸ்டென்டில் இணைத்தேன்: எங்கெல்லாம் மாட்டிக்கொண்டேன்

மூன்று வாரம் ஆனது. உண்மையான வேலை என்று பார்த்தால் ஒரு மணி நேரம்கூட இருக்காது. மீதியெல்லாம் ஒரு பாஸ்வேர்டைத் தேடியதிலும், ஒரே ஒரு எழுத்தைக் கவனிக்காமல் விட்டதிலும், காரின் தூக்கத்தோடு மல்லுக்கட்டியதிலும் போனது. சூடு ஆறுவதற்குள் எழுதி வைக்கிறேன்.

சார்ஜர் சுவரில் மாட்டும் வகை, சிங்கிள் ஃபேஸ், 32 ஆம்பியர். நிறுவனத்தின் ஆப் அவர்களுடைய சர்வர் வழியாகத்தான் அதோடு பேசும். இன்டர்நெட் போனால் பத்தடி தள்ளி இருக்கும் சார்ஜரைக்கூடத் தொட முடியாது. ஆனால் விவரத்தாளில் ஓசிபிபி 1.6 (சார்ஜரும் சர்வரும் பேசிக்கொள்ளும் பொது மொழி) என்று இருந்தது. அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். ஓசிபிபி இருந்தால் அவர்களுடைய சர்வருக்குப் பதிலாக நம் வீட்டில் இருக்கும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரின் முகவரியைக் கொடுத்துவிடலாம். வீட்டுக் கருவிகளை ஒரே இடத்திலிருந்து இயக்கும் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருள் அதில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு ஓசிபிபி கற்றுக்கொடுக்கும் இன்டக்ரேஷனைப் போட்டது பத்து நிமிட வேலை.

முகவரியை மாற்றும் பக்கம் இன்ஸ்டாலர் பாஸ்வேர்டு கேட்டது. மாட்டிவிட்டுப் போன டெக்னீஷியன் அதைச் சொல்லவே இல்லை. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன்.

"சார், அது டெக்னீஷியனுக்கு மட்டும்தான்."

"அப்போ டெக்னீஷியனை அனுப்புங்க."

"சார்ஜர் வேலை செய்யுதா சார்?"

"செய்யுது."

"அப்போ அனுப்ப முடியாது சார்."

மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று புகார் எண் கிடைத்தது. முதல் இரண்டும் 'தீர்வு காணப்பட்டது' என்று தானாக மூடிக்கொண்டன. மூன்றாவது மட்டும் திறந்தே கிடந்தது. கடைசியில் பரணில் மடித்துப் போட்டிருந்த அட்டைப் பெட்டியை இறக்கி உதறினேன். பயனர் கையேட்டின் பின்னட்டையில், விசிட்டிங் கார்டு அளவுக்கு ஒரு ஸ்டிக்கர்: சீரியல் எண், கியூஆர் கோடு, கீழே எட்டு இலக்கத்தில் நான் தேடிய பாஸ்வேர்டு. ஸ்டிக்கரை அன்றே போட்டோ எடுத்து வைத்தேன். புதிதாக வாங்குகிறவர்கள் டெக்னீஷியன் வாசலைத் தாண்டும் முன்பே அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, உள்ளே போயாயிற்று. முகவரியை மாற்றி, சார்ஜரை மறுபடி ஸ்டார்ட் செய்தேன். நடப்பதையெல்லாம் குறித்து வைக்கும் ஹோம் அசிஸ்டென்ட் லாகில் ஒன்றுமே இல்லை. ஒரு மாலை முழுக்க ஒன்றுமே இல்லை. கடைசியில்தான் தெரிந்தது, டெக்னீஷியன் சார்ஜரைக் கெஸ்ட் வைஃபையில் சேர்த்திருக்கிறார். கெஸ்ட் நெட்வொர்க்கில் இருக்கும் கருவி இன்டர்நெட்டுக்குப் போகும், வீட்டுக்குள் இருக்கும் மற்ற கருவிகளைப் பார்க்காது. கெஸ்ட் வைஃபை இருப்பதே அதற்குத்தான்.

மெயின் வைஃபைக்கு மாற்றியதும் லாக் பேச ஆரம்பித்தது. பேசியது திட்டுதான்: இணைப்பு தொடங்கும்போதே தோல்வி, சரியான எச்டிடிபி கோரிக்கை வரவில்லை. எனக்கு அதுவே பாதி வெற்றி. யாரோ கதவைத் தட்டுகிறார்கள், ஆனால் வேறு பாஷையில் பேசுகிறார்கள். முகவரிப் பெட்டியைக் கிட்டே போய்ப் பார்த்தேன். நிறுவனத்தின் சர்வர் பெயரை மட்டும் அழித்துவிட்டு ஐபி எண்ணையும் 9000 என்ற போர்ட்டையும் போட்டிருந்தேன். முன்னால் இருந்த 'டபிள்யூஎஸ்எஸ்' (wss) அப்படியே நின்றது. அந்தக் கடைசி எஸ் என்றால் என்கிரிப்ஷன், சர்டிஃபிகேட் எல்லாம் வேண்டும். என் பக்கம் அதெல்லாம் இல்லை. வெறும் 'டபிள்யூஎஸ்' என்று மாற்றி சேவ் செய்தேன். நாற்பது விநாடி. சார்ஜரின் விளக்கு ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு வந்தது, திரையில் சீரியல் எண் வந்து நின்றது. ராத்திரி பதினொன்றரைக்குத் தனியாக நின்று கை தட்டினேன்.

உங்களுக்கும் இப்படி ஆனால்: லாக் மௌனமாக இருந்தால் நெட்வொர்க்கைப் பாருங்கள், லாக் கத்தினால் முகவரியைப் பாருங்கள். இன்னொன்று, சார்ஜர் ஒரு நேரத்தில் ஒரே சர்வரோடுதான் பேசும் என்பதால் (என்னுடையது அப்படி) இதற்கு மேல் நிறுவனத்தின் ஆப் செத்த மாதிரிதான். பழைய முகவரியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபர்ம்வேர் (சார்ஜருக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட்டுக்குத் தேவைப்படும். ராஸ்பெர்ரி பைக்கு ரௌட்டரில் நிலையான ஐபி கொடுங்கள். நான் கொடுக்கவில்லை. ஒரு தடவை கரண்ட் போய் வந்ததும் அதற்கு வேறு ஐபி வந்துவிட்டது. சார்ஜர் இரண்டு நாள் காலி வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

அடுத்தது, சோலாரில் மிஞ்சுவதைக் காருக்குத் திருப்பிவிடும் ஆசை. கரண்ட் எந்தப் பக்கம், எவ்வளவு போகிறது என்று அளக்க மெயின் லைனில் மாட்டிய கிளாம்ப் மீட்டர் முதல் நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு, 2 கிலோவாட் வெளியே போகிறது என்று காட்டியது. நிலா வெளிச்சத்திலும் பேனல் வேலை செய்கிறதாக்கும் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். கிளாம்பில் இருந்த அம்புக்குறி தலைகீழ். அதை அப்படியே நம்பியிருந்தால், வாட்டர் ஹீட்டர் போடும்போதெல்லாம் சார்ஜர் குறைவதற்குப் பதில் ஏறியிருக்கும். (கிளாம்ப், பிரேக்கர், ஒயரிங் எல்லாம் எலக்ட்ரீஷியன் வேலை. ஓவர்லோடுக்கு ஆட்டோமேஷனை நம்பாதீர்கள்; ஒயரும் பிரேக்கரும் முழு 32 ஆம்பியரைத் தாங்கியாக வேண்டும்.)

கிளாம்பைத் திருப்பி மாட்டிய பிறகு, மேகம் வந்த நேரத்தில் 4 ஆம்பியர் என்று அனுப்பினேன். சார்ஜர் 'ஏற்றுக்கொண்டேன்' என்று மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டு சார்ஜிங்கையே நிறுத்திவிட்டது. தப்பு அதன் மேல் இல்லை. எவ்வளவு இழுக்கலாம் என்பதைச் சார்ஜர் காருக்கு ஒரு துடிப்பு சிக்னலில் சொல்கிறது: துடிப்பு 10 சதவீத நேரம் மேலே இருந்தால் 6 ஆம்பியர், 50 சதவீதம் இருந்தால் 30. ஆறுக்குக் கீழே சொல்ல அதில் வழியே இல்லை. 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் என்றால் கிட்டத்தட்ட 1.4 கிலோவாட், சோலாரில் அதைவிடக் குறைவாக மிஞ்சினால் ஒன்று நிறுத்த வேண்டும், இல்லை மீதியை லைனிலிருந்து எடுக்க வேண்டும். மூன்று ஃபேஸ் என்றால் 4.1 கிலோவாட்டுக்கு மேல் மிஞ்சினால்தான் கதையே ஆரம்பம்.

நான் 'நிறுத்து' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அன்று வானம் மேகமும் வெயிலுமாக விளையாடியது. சார்ஜருக்குள் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டர் டக்... டக்... என்று மதியம் முழுக்க அடித்துக்கொண்டது. சாயங்காலம் கார் பொறுமை இழந்து தூங்கிவிட்டது. இரவில் சார்ஜர் கூப்பிட்டபோது எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலை 70 கிலோமீட்டர் போக வேண்டிய வேலை, பேட்டரி 18 சதவீதம். மனைவி சாவியை என் கையில் வைத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "பழைய ஆப்பிலேயே ஒழுங்கா ஏறிக்கிட்டுதானே இருந்துச்சு?"

பதில் சொல்லவில்லை. ஆட்டோமேஷனைத்தான் மாற்றினேன். இப்போது 5 நிமிடம் தொடர்ந்து வெயில் இருந்தால்தான் தொடங்கும், 10 நிமிடம் தொடர்ந்து இல்லாவிட்டால்தான் நிற்கும். சின்ன மேகத்துக்கு 6 ஆம்பியரில் நின்று சமாளிக்கும். ராத்திரி 11 மணிக்கு மேல் சோலார் பேச்சே கிடையாது, 80 சதவீதம் வரை ஏறியாக வேண்டும். காருக்குள் இருந்த டைமரையும் அணைத்தேன். அது இருந்தவரை காரும் சார்ஜரும் 'நீ முதலில்' என்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

அப்புறம் ஒரு நாள் வேண்டுமென்றே ராஸ்பெர்ரி பையின் பிளக்கைப் பிடுங்கினேன். கார் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் கேபிளை எடுத்து மறுபடி செருகியதும் நான் வைத்த 16 ஆம்பியர் வரம்பு காணாமல் போய் 32இல் கிளம்பியது. வரம்பை அந்த ஒரு சார்ஜிங்குக்கு மட்டும் போட்டிருக்கிறேன். ஓசிபிபியில் எல்லாச் சார்ஜிங்குக்கும் பொதுவான வரம்பு வேறு வகை. அதையும் போட்ட பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

நேற்று கஸ்டமர் கேரிலிருந்து மூன்றாவது புகாருக்குப் பதில் வந்தது. என் சார்ஜர் பல நாட்களாக ஆஃப்லைனில் இருக்கிறதாம். வைஃபையைச் சரிபார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.