56 ஏபிஓ

அத்தை வீட்டுப் பரணிலிருந்து இன்று அந்தக் கறுப்பு டிரங்குப் பெட்டியை இறக்கினோம். மூடியில் வெள்ளை பெயின்டில் மாமாவின் பெயரும் படை எண்ணும். பாதி உதிர்ந்துவிட்டது.

உள்ளே ஒரு கம்பளி, அதற்கடியில் நூல் கட்டிய கடிதக் கட்டு.

எல்லாம் 1999, மே முதல் ஜூலை வரை. கார்கில் சண்டை நடந்த மாதங்கள்.

அனுப்புநர் இடத்தில் ஊர் இல்லை. யூனிட் பெயர், அப்புறம் '56 ஏபிஓ' என்ற ராணுவத் தபால் நிலைய எண். அவ்வளவுதான். எந்த மலையில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியக்கூடாது, பெண்டாட்டி உட்பட.

ஒன்றைப் பிரித்தேன். சண்டையைப் பற்றி ஒரு வரி இல்லை. கடலைக்கு மழை போதுமா, பசு சினை பிடித்ததா, மணியார்டர் வந்ததா. கடைசியில், 'இங்கே கொஞ்சம் குளிர்.'

கார்கிலில் சண்டை நடந்த டைகர் ஹில் சிகரம் 16,000 அடிக்கு மேல். கொஞ்சமாம்!

வேலூர்ப் பக்கத்து ஊர் எங்களுடையது. அந்தத் தெருவில் மட்டும் நாலு வீட்டில் பட்டாளத்துக்காரர்கள். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் நாலு வாசலிலும் ஆள் நிற்குமாம். கடிதம் என்றால் சந்தோஷம். தந்தி என்றால் யாரும் கை நீட்ட மாட்டார்களாம்.

டிவியில் இறந்தவர்கள் பெயர் வாசிக்கும்போது அத்தை எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவாராம். "அந்த மாடு அப்போ குடிச்ச தண்ணி..." என்று இன்று சிரிக்கிறார்.

மாமாவிடம் கேட்டேன். "அங்க எப்படி இருந்துச்சு மாமா?"

"குளிருதான்" என்றார். கம்பளியை உதறி வெயிலில் போடப் போய்விட்டார்.